சுலுகுலேயிலிருந்து தாஷொலுக்குக்கு: புது வீடு கிடைத்த வாடகைதாரர்கள் ஏன் திரும்பி வந்தார்கள்?

எதைப் பற்றிய ஆய்வு

இஸ்தான்புல்லின் பழைய நகர மதிலை ஒட்டியிருந்த சுலுகுலே குடியிருப்பு 2007க்கும் 2009க்கும் இடையில் ஏறத்தாழ முழுவதுமாக இடிக்கப்பட்டது. அங்கே வாடகைக்கு இருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு, சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருந்த தாஷொலுக்கில் அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகள் ஒதுக்கப்பட்டன. குழாய்த் தண்ணீர், எரிவாயு இணைப்பு, தனிக் கழிப்பறை எல்லாம் இருந்த வீடுகள். ஆனால் போனவர்களில் பெரும்பாலோர் சீக்கிரமே அவற்றைக் கைமாற்றிவிட்டு, பழைய இடத்துக்குப் பக்கத்துத் தெருக்களில் மறுபடியும் வாடகைக்கு வந்து சேர்ந்தார்கள்.

சுலுகுலேயைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மரபுச் சின்னம், இசை, ரோமா மக்களின் (ஜிப்ஸிகள் என்று பலரும் அழைப்பவர்கள்) பண்பாடு என்றே போகும். அவை முக்கியமானவைதான். இந்த ஆய்வு அவற்றைத் தொட்டுக்கொண்டு, வாடகைதாரர்களின் மாதக் கணக்கை முன்னால் வைக்கிறது. வீட்டுச் சொந்தக்காரர்களின் கதை வேறு; அது தேவையான அளவுக்கு மட்டும் வரும்.

பின்னணி

சுலுகுலே என்று எல்லோரும் அழைத்த பகுதி, நிர்வாகக் கணக்கில் ஃபாத்திஹ் மாவட்டத்தின் நெஸ்லிஷா, ஹாதிஜே சுல்தான் என்ற இரண்டு பேட்டைகள். ஐந்தாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் காலத்தில் எழுந்த மதிலுக்கு உட்புறம், எதிர்னேகாப்பி வாயிலுக்கு அருகில் இருந்தது. ரோமா மக்கள் பைசாந்தியக் காலம் தொட்டு இந்த மதிலைச் சுற்றி வாழ்ந்தார்கள் என்பது அவர்களே பெருமையோடு சொல்லும் வரலாறு. மதிலும் அதைச் சார்ந்த பகுதியும் 1985இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

ஒன்று அல்லது இரண்டு மாடி வீடுகள், நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றி ஒண்டுக் குடித்தனங்கள். பல இடங்களில் குழாயும் கழிப்பறையும் பொது. சொத்துப் பத்திரங்கள் சிக்கலானவை: ஒரே சிறு மனைக்கு வாரிசுகள் பலர் பங்குதாரர்கள். வாடகைதாரர்களில் பெரும்பாலோரிடம் எழுத்து ஒப்பந்தம் எதுவும் கிடையாது. வாய் வார்த்தைதான்.

1990களின் தொடக்கம் வரை இந்தப் பகுதிக்கு நிலையான வருமானம் ஒன்று இருந்தது. குடும்பங்கள் தம் வீடுகளையே கேளிக்கை விடுதிகளாக நடத்தின. நகரத்தின் மற்ற பகுதிகளிலிருந்து வருபவர்களுக்குக் கிளாரினெட், கானூன் என்ற நரம்பிசைக் கருவி, தர்புகா என்ற கைமேளம் வாசித்து, ஆடி, சாப்பாடும் மதுவும் பரிமாறினார்கள். வாத்தியக்காரர் முதல் மளிகைக்காரர், வாடகை வண்டிக்காரர் வரை பலரும் அதில் பிழைத்தார்கள். காவல்துறை அந்த வீடுகளை மூடியது. மாற்று வேலைக்கு ஏற்பாடு இல்லை. அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் வீடுகள் பழுதுபார்க்கப்படாமல் சிதைந்தன. வசதி வந்தவர்கள் வெளியேறினார்கள். 2000களில் இந்த இடத்தைப் பார்த்து ‘இற்றுப்போன பகுதி’ என்று அதிகாரிகள் எழுதியபோது, இற்றுப்போனதற்கு ஒரு காரணம் அரசின் பழைய நடவடிக்கை என்பதைக் கோப்புகள் கணக்கில் எடுக்கவில்லை.

நகரமும் சும்மா இருக்கவில்லை. 1950இல் சுமார் பத்து லட்சம் பேர் இருந்த இஸ்தான்புல்லில் 2007 வாக்கில் 1 கோடியே 25 லட்சம் பேர் இருந்தார்கள். கிராமங்களிலிருந்து வந்தவர்கள் இரவோடு இரவாகக் கட்டிக்கொண்ட கெஜெகொண்டு வீடுகளைப் பல பத்தாண்டுகள் சகித்து, தேர்தலுக்குத் தேர்தல் மன்னித்து, பட்டாவும் கொடுத்து வந்த அரசு, 2000களில் போக்கை மாற்றிக்கொண்டது. அதற்கு 1999 ஆகஸ்ட் 17 நிலநடுக்கம் ஒரு வலுவான காரணத்தைத் தந்திருந்தது. அதிகாரபூர்வக் கணக்கிலேயே 17,000க்கு மேல் சாவு. மோசமான கட்டடத்தில் குடியிருப்பது ஆபத்து என்பதை யாரும் மறுக்க முடியாது. அதே சமயம், நகர மையத்து நிலத்தின் விலை ஏறிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே கோப்பில் வந்து சேர்ந்தன.

எடுக்கப்பட்ட முடிவுகள்

2005இல் துருக்கி நாடாளுமன்றம் 5366 என்ற எண் கொண்ட சட்டத்தை நிறைவேற்றியது. சிதைந்த வரலாற்றுப் பகுதிகளைப் புதுப்பித்துப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது அதன் நோக்கம். அன்றைய விதிப்படி, அமைச்சரவை ஒரு பகுதியைப் ‘புதுப்பிப்புப் பகுதி’ என்று அறிவித்துவிட்டால், நகராட்சி அங்கே திட்டம் போடலாம். உரிமையாளரோடு உடன்பாடு வரவில்லை என்றால் நிலத்தைக் கையகப்படுத்தலாம். சுலுகுலே 2006இல் அப்படி அறிவிக்கப்பட்டது. ஃபாத்திஹ் நகராட்சி, இஸ்தான்புல் பெருநகராட்சி, அரசின் வீட்டுவசதி நிறுவனமான டோக்கி ஆகிய மூன்றும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த ஆண்டு டிசம்பரில் அவசரக் கையகப்படுத்தல் உத்தரவும் வந்தது. போர், பேரிடர் போன்ற நிலைமைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ஓர் ஏற்பாட்டை ஒரு வீட்டுத் திட்டத்துக்குப் பயன்படுத்தினார்கள்.

உரிமையாளர்களுக்கு முன்னால் இரண்டு வழிகள். பழைய வீட்டுக்கு நகராட்சி போடும் மதிப்புக்கும் அதே இடத்தில் கட்டப்படும் புது வீட்டின் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தவணையில் கட்டலாம். அல்லது விற்றுவிட்டுப் போகலாம். மதிப்பு குறைவு, வித்தியாசம் அதிகம். பலர் வெளியாட்களுக்கு விற்றார்கள். வாங்கியவர்களுக்குப் பின்னால் கிடைத்த லாபம் விற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை.

வாடகைதாரர்களுக்கு தாஷொலுக். இதை நகராட்சி ஒரு சாதனையாகவே முன்வைத்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. துருக்கியின் இப்படிப்பட்ட திட்டங்களில் வாடகைதாரர்கள் பொதுவாகக் கணக்கிலேயே வருவதில்லை. இங்கே முன்பணம் இல்லாமல், குலுக்கல் முறையில் வீடு ஒதுக்கி, 15 ஆண்டுத் தவணையில் சொந்தமாக்கிக்கொள்ள வழி செய்தார்கள். காகிதத்தில் பார்த்தால், வாய் வார்த்தையில் வாடகைக்கு இருந்த ஒரு குடும்பம் வீட்டுக்குச் சொந்தக்காரராகிறது. முடிவெடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு மட்டுமே செய்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் இந்த நிகழ்விலிருந்து கற்க ஒன்றும் மிஞ்சாது.

இடிப்பு நடந்த விதம்

2007இல் முதல் இடிப்புகள். ஒரே மூச்சில் தெருவைக் காலி செய்து இடிக்கவில்லை. உடன்பாடு முடிந்த வீடு அங்கொன்று இங்கொன்றாக விழுந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் என்பதால் பக்கத்து வீடு விரிசல் விட்டது. இடிபாடுகள் மாதக்கணக்கில் அள்ளப்படாமல் கிடந்தன. இன்னும் குடியிருந்தவர்கள் அந்தக் கற்குவியலுக்கு நடுவில் வாழ்ந்தார்கள். போகலாமா இருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பல குடும்பங்களின் முடிவை இந்த நிலைமையே எடுத்துவிட்டது என்பது என் கருத்து. ஒப்பந்தத்தில் கையெழுத்து ‘விருப்பத்தின் பேரில்’ என்று பதிவாகியிருக்கும். விருப்பம் எந்தச் சூழலில் பிறந்தது என்பதற்குப் படிவத்தில் இடமில்லை.

எதிர்ப்பு இருந்தது. உள்ளூர் ரோமா சங்கம், நகர அமைப்பாளர்கள், பேராசிரியர்கள், கலைஞர்கள் சேர்ந்த சுலுகுலே மேடை என்ற கூட்டமைப்பு 2007இல் நாற்பது பகல் நாற்பது இரவு என்று தொடர் நிகழ்ச்சிகள் நடத்தியது. எல்லைகளற்ற தன்னாட்சித் திட்டமிடுவோர் என்ற குழு 2008இல் ஒரு மாற்றுத் திட்டமே வரைந்து கொடுத்தது. முற்றங்களையும் தெருக்களையும் வைத்துக்கொண்டு, இருப்பவர்களை அங்கேயே வைத்து, கட்டம் கட்டமாக வீடுகளைச் சீராக்கும் யோசனை அது. யுனெஸ்கோவும் கவலை தெரிவித்தது. கட்டடக் கலைஞர்கள் மன்றம் உள்ளிட்ட அமைப்புகள் நீதிமன்றம் போயின. இயந்திரங்கள் நிற்கவில்லை. 2009 முடிவதற்குள் கிட்டத்தட்ட எல்லாம் தரைமட்டம். அடுத்த ஆண்டு, 2010இல், இஸ்தான்புல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராகக் கொண்டாடப்பட்டது.

தாஷொலுக்கில் கண்டவை

இனி விஷயத்துக்கு வரலாம். ஒரு குடும்பம் சுலுகுலேயில் எப்படி மாதத்தை ஓட்டியது?

வருமானம் நாள் கூலி. வாத்தியம் வாசிப்பது, பூ விற்பது, காலணி மெருகேற்றுவது, சுமை தூக்குவது, பழைய இரும்பு, காகிதம் சேகரிப்பது. இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. வேலை நடக்கும் இடங்கள் நடந்து போகும் தூரத்தில், அல்லது ஒரே பேருந்தில். வாடகை குறைவு, கையில் இல்லாத வாரத்தில் வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்வார், ஏனென்றால் அவரும் அதே முற்றத்தில் இருப்பவர் அல்லது உறவுக்காரர். மூலைக் கடைக்காரர் நோட்டில் எழுதிக் கடன் கொடுப்பார். சர்க்கரை, தேயிலை, எண்ணெய் அன்றைய தேவைக்குச் சின்னச் சின்ன அளவில் கிடைக்கும். குளிருக்குக் கணப்பு அடுப்பு; எரிக்க எங்கிருந்தோ பொறுக்கி வந்த மரத்துண்டு. குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பாட்டி.

தாஷொலுக்கில் இந்த ஒவ்வொன்றும் பணமாக மாறியது. அதுவும் குறிப்பிட்ட தேதியில் கட்ட வேண்டிய பணமாக.

முதலில் வீட்டுத் தவணை. அது நிலையானதும் இல்லை: டோக்கியின் தவணைகள் அரசு ஊழியர்களின் சம்பள உயர்வை ஒட்டி ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், கூட்டப்படுபவை. அரசு ஊழியருக்கு அது பிரச்சினை இல்லை, சம்பளமும் கூடுகிறது. திருமண வீட்டில் தர்புகா வாசிப்பவரின் கூலி ஜனவரியில் கூடுவதில்லை. குளிர்காலம் அவருக்குத் திருமணங்கள் இல்லாத காலம். தொடர்ந்து தவணை தவறினால் ஒப்பந்தமே ரத்தாகும் என்ற நிபந்தனையும் இருந்தது. பழைய வீட்டுக்காரரிடம் ‘அடுத்த வாரம் தருகிறேன்’ என்று சொன்னதுபோல் வங்கியில் சொல்ல முடியாது.

அப்புறம் எரிவாயு. மரத்துண்டு எரித்த குடும்பத்துக்கு அடுக்குமாடியில் வேறு வழியில்லை. பராமரிப்புக் கட்டணம், மின்சாரம், தண்ணீர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தனிச் சீட்டு வந்தது. நகர மையத்துக்குப் போக நீண்ட பேருந்துப் பயணம். ஒருவர் ஒரு நாள் வேலைக்குப் போய்வரும் செலவே அன்றைய கூலியில் ஒரு பெரிய பங்கு. இரவு நேர வேலை முடித்துத் திரும்பப் பேருந்து கிடைக்காது. ஒரு வாத்தியக்காரருக்கு வேலை முடிவதே நள்ளிரவில்தான். பெரிய அங்காடியில் நோட்டில் கடன் எழுத மாட்டார்கள். கால் கிலோவுக்குக் கீழே எதுவும் வாங்க முடியாது.

வீட்டுக்குள்ளும் பழக்கம் ஒத்துவரவில்லை. முற்றமும் தெருவும் வீட்டின் பாதியாக இருந்த வாழ்க்கை. இங்கே கதவைச் சாத்தினால் நான்கு சுவர். வாத்தியம் பழகினால் மேல் மாடியிலிருந்து முறையீடு. மே மாதத் தொடக்கத்தில் ஹிதிரெல்லெஸ் விழாவுக்குத் தெருவில் தீ மூட்டி ஆடிய பிள்ளைகளுக்கு வாகன நிறுத்துமிடம்தான் வெளி. ஏற்கெனவே அங்கே குடியிருந்தவர்கள் ரோமா குடும்பங்களைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். இவற்றைச் சாதாரணமாகப் ‘பழகிக்கொள்ள வேண்டியவை’ என்று தள்ளிவிடுவார்கள். ஒரு தலைமுறையில் பழகியும் இருக்கலாம். ஆனால் தவணைக்குத் தலைமுறை கணக்கு கிடையாது.

ஒரு வேறுபாட்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். மாதச் சம்பள வேலை இருந்த குடும்பங்களுக்கு இந்த வீடு உண்மையிலேயே லாபம். தங்கிவிட்ட சிலரின் கதையை யாரும் அதிகம் எழுதவில்லை. துருக்கியின் நடுத்தர வர்க்கம் இந்த அடுக்குமாடி வாழ்க்கையை 1960களிலிருந்தே விரும்பி ஏற்றது; 1965இன் அடுக்குமாடி உரிமைச் சட்டம் அதற்கு வழி திறந்தது. அந்த வீட்டு வடிவம், மாதம் தவறாமல் ஒரு தொகை வரும் குடும்பத்தை எண்ணி அளவெடுத்தது. தாஷொலுக்கின் வரைபடத்தில் குறை ஒன்றும் இல்லை. அதை யாருக்குக் கொடுத்தார்கள் என்பதில்தான் கோளாறு.

திரும்பி வந்தவர்கள்

தவணை நிலுவை ஏறியதும் குடும்பங்கள் எடுத்த முடிவு ஏறத்தாழ ஒரே மாதிரி. வீட்டின் உரிமையை வேறொருவருக்கு ஒரு தொகைக்குக் கைமாற்றினார்கள். வந்த பணம் கடனை அடைக்கவும், புது வாடகைக்கு முன்பணம் கட்டவும் போனது. பிறகு கராகும்ரூக், இடிக்கப்பட்ட சுலுகுலேயிலிருந்து சில நிமிட நடை. அங்கே அடித்தளத்து அறைகளிலும் பழைய வீடுகளிலும் முன்பைவிடக் கூடுதல் வாடகைக்குக் குடியேறினார்கள். ஒரே நேரத்தில் பலர் தேடியதால் வாடகை ஏறியது. ‘சுலுகுலேக்காரர்’ என்றதும் கதவைச் சாத்திய வீட்டுக்காரர்களும் உண்டு.

சுலுகுலே மேடையின் தன்னார்வலர்கள் இந்தக் குடும்பங்களைத் தொடர்ந்து பின்பற்றிப் பதிவு செய்தார்கள். தாஷொலுக்கில் கடைசிவரை நிலைத்தவை மிகச் சில குடும்பங்களே என்பது அதனால்தான் வெளியே தெரிந்தது. வீடு ஒப்படைத்த கணக்கோடு நகராட்சியின் கோப்பு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று பார்ப்பது யாருடைய வேலையாகவும் வைக்கப்படவில்லை.

கராகும்ரூக்கில் குழந்தைகளுக்காக ஒரு கலைப் பட்டறை தொடங்கப்பட்டது. இடிப்பைக் கண்ணால் பார்த்து வளர்ந்த பையன்களில் சிலர் அங்கே ராப் பாடகர்களாக உருவாகி, துருக்கிக்கு வெளியேயும் பெயர் வாங்கினார்கள். இதை நல்ல முடிவு என்று சொல்லும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பட்டறைக்கும் தாஷொலுக் திட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நீதிமன்றமும் புது வீடுகளும்

இடித்த இடத்தில் மூன்று, நான்கு மாடி வீடுகள் எழுந்தன. வெளி முகப்பில் ஒட்டோமான் சாயல், கீழே வாகன நிறுத்தம். 2012இல் இஸ்தான்புல் நிர்வாக நீதிமன்றம் திட்டத்தை ரத்து செய்தது: பொது நலனுக்கு ஒத்ததாக இல்லை, பாதுகாக்க வேண்டிய பகுதியைப் பாதுகாக்கவில்லை என்பது அதன் சாரம். அதற்குள் வீடுகள் கட்டி முடிந்திருந்தன. தீர்ப்பால் ஒரு சுவர்கூட மாறவில்லை. போனவர்கள் யாரும் திரும்பக் குடிவைக்கப்படவும் இல்லை. திருத்திய திட்டம் ஒன்றை ஒப்புதலுக்கு அனுப்பி நகராட்சி மேலே போனது.

புது வீடுகளும் எதிர்பார்த்தபடி அமையவில்லை. அவற்றில் சிலவற்றில், 2011க்குப் பிறகு போரிலிருந்து தப்பி வந்த சிரியக் குடும்பங்கள் வாடகைக்கு வந்தன. ஏழை வாடகைதாரர்களை அகற்றிக் கட்டிய வீடுகளில் வேறு வாடகைதாரர்கள்.

என்ன மாறியிருக்க வேண்டும்

முதலாவது, தவணைத் தொகையைத் தீர்மானிக்கும் முன் குடும்பங்களின் வரவு செலவை எழுதிப் பார்த்திருக்க வேண்டும். வீடுகள், மனைகள், பங்குதாரர்கள் எல்லாம் கணக்கெடுக்கப்பட்டன. நோட்டுக் கடனும் பொறுக்கிய விறகும் நடந்து போகும் வேலையும் எவ்வளவு பணத்துக்குச் சமம் என்று யாரும் கூட்டவில்லை. சிரமமான ஆய்வு ஒன்றும் இல்லை. இருபது குடும்பங்களோடு இரண்டு வாரம் உட்கார்ந்தால் போதும். தாஷொலுக் தாங்காது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

சொந்த வீடுதான் எல்லோருக்கும் வேண்டும் என்ற எண்ணத்தையும் கேள்வி கேட்டிருக்கலாம். நாள் கூலிக் குடும்பத்துக்குத் தேவைப்பட்டது, மதிலுக்கு அருகிலேயே, வருமானத்துக்கு ஏற்ற வாடகையில் ஒரு நல்ல அறை. டோக்கி விற்பதற்காகக் கட்டும் நிறுவனம். வாடகைக்கு விட்டுப் பராமரிக்கும் பழக்கம் அதற்கு அப்போது இல்லை. அதனால் அந்தத் தெரிவு மேசைக்கே வரவில்லை. 2008இன் மாற்றுத் திட்டம் இதற்கு மிக அருகில் வந்தது. அதிலும் செலவு, காலம் பற்றிய கேள்விகள் இருந்திருக்கும்; ஆனால் சோதித்துப் பார்க்கக்கூட ஒரு தெரு மிச்சம் வைக்கப்படவில்லை.

வழக்கு நடக்கும்போது இடிப்பை நிறுத்தியிருக்க வேண்டும் என்பது மூன்றாவது. சட்டத்தின் வேகமும் இயந்திரத்தின் வேகமும் வேறு வேறு என்று தெரிந்தபின், இடைக்காலத் தடை இல்லாத வழக்கு வெறும் ஆவணமாகத்தான் மிஞ்சும். இதே 5366 சட்டத்தின் கீழ் வந்த, இஸ்தான்புல்லின் ஃபெனெர், பாலாட் பகுதித் திட்டமும் 2012இல்தான் ரத்தானது. அங்கே வீடுகள் இன்னும் நின்றுகொண்டிருந்தன. ஆகவே தீர்ப்புக்கு ஒரு பொருள் இருந்தது.

அதே 2012இல், நிலநடுக்க அபாயமுள்ள கட்டடங்களை மாற்றிக் கட்டுவதற்கான 6306ஆம் எண் சட்டம் வந்தது. இன்று நாடு முழுவதும் நகர மாற்றம் பெரும்பாலும் அதன் வழியாகவே நடக்கிறது. கட்டடத்தை இடித்துக் கட்ட உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் வேண்டும் என்றிருந்ததை, 50,000க்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட 2023 பிப்ரவரி நிலநடுக்கங்களுக்குப் பிறகு, அந்த ஆண்டு நவம்பரில் பாதிக்கு மேல் இருந்தால் போதும் என்று திருத்தினார்கள். உரிமையாளருக்கு மாதாமாதம் வாடகை உதவி உண்டு. வாடகைதாரருக்கு அந்த ஒப்புதலில் வாக்கு இல்லை. கிடைப்பது ஒரே ஒரு முறை தரப்படும் உதவித்தொகை.